கறுப்பு இலக்கம்

வர்சாவைக் கொன்ற குண்டின் சத்தம் வர்சாவுக்குக் கேட்கவில்லை. சத்தம் பள்ளத்தைத் தாண்டி வந்து சேருவதற்குள் குண்டு நெஞ்சுக்குள் புகுந்து முதுகால் போய்விட்டது. தூறலுக்காக ஜாக்கெட்டின் தொப்பியை நெற்றி வரை இழுத்துவிட்டிருந்த அவள், ஒஸ்லோவில் ஸ்டோவ்னருக்குப் பின்னாலுள்ள காட்டில், மின்கம்பிகளுக்காக மரங்களை வெட்டிய நீண்ட வெளியில் முகம் குப்புற விழுந்தாள். சுட்டவனுக்கு அது போதவில்லை. விழுந்து கிடந்தவளுக்கு இரண்டாவது குண்டையும் கொடுத்தான்.

அது ஞாயிற்றுக்கிழமை. கொலைகாரனைக் கண்டுபிடிக்க ஒஸ்லோத் தமிழர்களுக்கு ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை. சுபேசன்தான்! வர்சாவுக்கு நிச்சயம் செய்த பொடியன். இரண்டு மாதத்துக்கு முன் அவள் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தபோது நடுவழியில் நின்று கத்தியவன். அதற்கு மேலே, வேட்டைப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணி, வருடா வருடம் மான் சுடப் போகிறவன். இவ்வளவும் ஒரே ஆளிடம் பொருந்தினால் நம்மவர்கள் வேறு ஆளைத் தேடுவார்களா?

திங்கட்கிழமை காலை ஸ்டோவ்னர் ரயில் நிலையத்தில் வர்சாவின் அக்கா யாழ் அவனைக் கண்டாள். "அந்தா நிக்கிறான்" என்று கையை நீட்டினாள். அவளுடைய மச்சான்மார் மூன்று பேர் பாய்ந்தார்கள். சுபேசனின் தாடை உடைந்த சத்தம் எதிர்ப்பக்க மேடையில் நின்றவர்களுக்குக் கேட்டது. பல் இரண்டு தண்டவாளத்தில் விழுந்தது. பொலிசார் வந்து மூன்று பேரையும் விசாரித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். சுபேசனை வைத்தியசாலையில் போட்டு, சந்தேக நபர் என்று கட்டிலோடு விலங்கும் போட்டார்கள்.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கதைக்கு அபிஷா தேவைப்பட்டிருக்க மாட்டாள். செவ்வாய்க்கிழமை யாழ், குறொன்லாண்டில் பலசரக்குக் கடைக்கு மேலேயுள்ள அபிஷாவின் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்தாள். அவளைக் காரில் கூட்டி வந்தவர் கப்டன் கிளெமென்ற். ஃபியோர்டில் பயணிகள் கப்பல் ஓட்டுகிறவர், தாய் தகப்பன் இல்லாத அந்த இரண்டு பெண்களுக்கும் வீட்டு மனிதர் மாதிரி. "சுபேசன்தான் செய்தவன். அவன் வெளியிலை வராத மாதிரி ஏதாவது ஆதாரம் எடுத்துத் தாங்கோ" என்றாள் யாழ். கப்டன் பக்கத்தில் இருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அபிஷாவுக்கு முப்பத்திரண்டு வயது. காப்புறுதிக் கம்பனி ஒன்றில் பொய்க் கணக்குப் பிடித்து அலுத்து, தனியாகத் தொழில் தொடங்கியவள். அவளுடைய உதவியாளர் றஜீவுக்கு அவளைவிடப் பதினைந்து வயது கூட. திருகோணமலைக்காரர், இருபது வருடம் ஒஸ்லோவில் டாக்ஸி ஓட்டியவர். வாயை மூடிக்கொண்டிருப்பதற்குத் தனியாகச் சம்பளம் கொடுத்தாலும் வாங்க மாட்டார்.

புதன்கிழமை பின்னேரம் இரண்டு பேரும் நகரின் நடுவிலுள்ள வேட்டைச் சாமான் கடை ஒன்றில் நின்றார்கள். காரணம், அபிஷாவின் கைத்தொலைபேசியில் இருந்த ஒரு படம். சுட்டவன் படுத்திருந்த எதிர்மேட்டில், புதருக்குள் பொலிசார் எடுத்த லேசர் தூரமானி. உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான். கண்ணில் வைத்துப் பொத்தானை அமர்த்தினால், கண்ணுக்குத் தெரியாத ஒளி போய்ப் பட்டுத் திரும்பி வந்து, இலக்கு எவ்வளவு தூரம் என்று வில்லைக்குள் எழுதிக் காட்டும். கைரேகை எதுவும் அதில் இல்லை.

கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால் நின்ற பெண்ணின் சட்டையில் புளோறன்ஸ் என்று பெயர் குத்தியிருந்தது. பாசையூரில் பிறந்து நோர்வேயில் வளர்ந்து, வருடத்தில் ஒரு மாதம் மலையில் கலைமான் சுடுகிறவர்.

"என்ன சுடப் போறியள்?" என்று எடுத்த எடுப்பில் தமிழில் கேட்டார்.

"இவவின்ரை வாடிக்கையாளர் சில பேரை" என்றார் றஜீவ். "காசு தராமல் ஓடுறவை. ஓடுற தூரம் தெரிஞ்சால் வசதி."

புளோறன்ஸ் சிரிக்கவில்லை. ஆனால் நான்கு பெட்டிகளை எடுத்து வைத்தார்.

"பெட்டியிலை ரெண்டாயிரம் மீற்றர் எண்டு போட்டிருக்கும். நம்பாதேங்கோ. அது வெயிலிலை மினுங்கிற தகரத்துக்கு. மானின்ரை மயிர் ஒளியைக் குடிச்சுப்போடும், பாதித் தூரம்தான் அளக்கும். மழை மூட்டத்துக்கு இதைப் பாருங்கோ, முன்னுக்கு நிக்கிற புல்லை விட்டிட்டுப் பின்னுக்கு நிக்கிறதை அளக்கும். மேட்டிலை இருந்து பள்ளத்துக்குச் சுடுறதெண்டால் சரிவுக்கும் கணக்குப் பாத்துச் சொல்லுறது வேணும். இல்லாட்டில் குண்டு மேலாலை போகும்."

"என்ரை டாக்ஸியிலை ஒரு மீற்றர் இருந்தது" என்றார் றஜீவ். "தூரத்தையும் காட்டும், காசையும் காட்டும். ஒருத்தரும் சாகேல்லை. பில்லைப் பாத்து மயங்கினதோடை சரி."

அபிஷா படத்தை நீட்டினாள். "அக்கா, இது எப்பிடி?"

புளோறன்ஸின் முகம் மாறியது. "இதைத்தானே பொலிசும் கொண்டுவந்து காட்டினது. வித்தனீங்களோ எண்டு கேட்டவை. கணினியிலை பாத்தன். ரெண்டு வருஷமா ஒண்டும் விக்கேல்லை எண்டு வந்தது. அப்பிடியே சொல்லிப்போட்டன்."

"நான் வித்தனீங்களோ எண்டு கேக்கேல்லை. ஒருத்தர் இதை ஏன் தெரிஞ்செடுப்பார்?"

"எடுக்கமாட்டினம். இது பழைய சாமான். உள்ளுக்கு இலக்கம் கறுப்பிலை வரும். மிருகம் வாறது பொழுதுபடுற மம்மல் நேரத்திலை, மரத்துக்கு நடுவிலை. கறுப்புக்கு மேலை கறுப்பு எழுதினால் ஆருக்குத் தெரியும்? இப்ப வாற எல்லாம் சிவப்பு இலக்கம். இஞ்சை, பாருங்கோ."

அபிஷா புதியதை வாங்கிக் கண்ணில் வைத்தாள். கடை மூலையில் தொங்கிய கறுத்தக் கம்பளிக் கோட்டைக் குறிபார்த்துப் பொத்தானை அமர்த்தினாள். அடுப்புத் தணல் போல இலக்கம் சிவந்து எரிந்தது.

"அப்ப நல்ல சாமானை விட்டிட்டுக் கூடாத சாமானை எடுக்கிற ஆள் ஆர்?" என்றாள், தூரமானியை இறக்காமலே.

"ஒருத்தரும்…" என்று தொடங்கிய புளோறன்ஸ் பாதியில் நிறுத்தினார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ மாதாவே. ஒரு ஆள் வந்தவர்! போன மாசக் கடைசியிலை. சிவப்பு இலக்கம் வாறதை வாங்கிக்கொண்டு போய், அடுத்த நாளே கொண்டுவந்து, பழுது, உள்ளுக்கு ஒண்டும் தெரியேல்லை எண்டார். நான் வாங்கிப் பாத்தன். பளிச்செண்டு தெரியுது. அவர் ஒரே பிடி. சரியெண்டு லாச்சிக்குள்ளை கிடந்த இந்தப் பழசைக் காட்டினன். பாத்த உடனை, இது காணும், மாத்தித் தாங்கோ எண்டார். பில் பழைய பில்தானே, புதுசாப் போடேல்லை. அதுதான் கணினியிலை வரேல்லை."

"ஆள் ஆர்?"

"காசாத் தந்தவர், பேர் இல்லை. கழுத்துத் துணியை மூக்கு வரைக்கும் சுத்தி, தொப்பியும் போட்டிருந்தவர். தமிழ் ஆள். என்ரை பேரை வாசிச்சுப்போட்டும் நோர்வே மொழியிலைதான் கதைச்சவர்."

"அதைப் பெரிசா எடுக்கேலாது" என்றார் றஜீவ். "எங்கடை ஆக்கள் அரைவாசிப் பேர் அப்பிடித்தான்."

"அந்த மனுசன் பொய் சொல்லேல்லை" என்றாள் அபிஷா மெல்ல. "அவருக்கு உண்மையாவே இலக்கம் தெரியேல்லை. சிவப்புத் தெரியாத கண். நிறக்குருடு."

"ஒஸ்லோவிலை சைக்கிள் ஓடுற எல்லாருக்கும் அந்த வருத்தம் இருக்கு, பொஸ். ஒருத்தனும் சிவப்பிலை நிக்கிறதில்லை. எல்லாரையும் பிடிச்சு அடைக்கிறதோ?"

அபிஷா தூரமானியை மேசையில் வைத்துவிட்டு அவரை நேராகப் பார்த்தாள். றஜீவ் அதைக் கண்டு தன் வாயை மூடினார். அது அபூர்வமாக நடக்கிற விடயம்.

"றஜீவண்ணை, அந்த வெளியிலை ஒவ்வொரு ஞாயிறும் ஓடுறது ஆர்?"

"யாழ். தனக்குக் காய்ச்சல் எண்டபடியால் அண்டைக்கு ஓடேல்லை, தனக்குப் பதிலாத் தங்கச்சி போனவள் எண்டு அவவே சொன்னவ."

"பொலிசும் முதல்லை அதைத்தான் யோசிச்சது. அக்காவைச் சுட வந்தவன் ஆள் மாறித் தங்கச்சியைச் சுட்டானோ எண்டு. பிறகு ஏன் விட்டவை?"

"ஜாக்கெட்" என்றார் றஜீவ். "ரெண்டு பேரும் ட்வெய்ட்டா சென்டரிலை மலிவு விற்பனையிலை ஒரே ஜாக்கெட்டை ரெண்டா எடுத்தவை. எங்கடை ஆக்கள் ஒண்டு மலிவெண்டால் வீட்டிலை இருக்கிற தலையை எண்ணித்தானே எடுக்கிறது. அக்காவுக்குக் கரும்பச்சை, தங்கச்சிக்குச் சிவப்பு. முந்நூற்று நாப்பது மீற்றரிலை முகம் தெரியாட்டிலும் சிவப்புத் தெரியும், ஆகவே…"

அவர் நிறுத்திக்கொண்டார். மூன்று பேரும் மேசையில் கிடந்த தூரமானியைப் பார்த்தார்கள்.

"தெரியாது" என்றாள் அபிஷா. "அவனுக்கு ரெண்டும் ஒரே நிறம். அவன் வர்சாவைச் சுடேல்லை. யாழைச் சுட்டவன். யாழ் இன்னும் உயிரோடை இருக்கிறாள்."

றஜீவின் கார் கிழக்கு நோக்கிப் பறந்தது. அபிஷா யாழுக்கு மூன்று முறை அடித்தாள், எடுக்கவில்லை. பொலிசுக்கு அடித்தாள், ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். நாலாவது முறை யாழ் எடுத்தாள். பின்னால் ஆட்கள் கதைக்கிற சத்தம் கேட்டது.

"யாழ், நீங்கள் கண் பரிசோதிக்கிற வேலைதானே செய்யிறனீங்கள். நிறக்குருடான ஆள் ஒருத்தரோடை உங்களுக்குக் கிட்டடியிலை பிரச்சினை வந்ததோ? தமிழ் ஆள்."

மறுமுனையில் கோப்பைச் சத்தம் மட்டும் வந்தது.

"சொல்லுங்கோ!"

"தௌஷெத்ஸ்ப்ளிக்ட், இரகசியம் காக்கிற சட்டம், அபிஷா" என்றாள் யாழ். களைத்த குரல். "கண் காட்ட வந்த ஆளைப் பற்றி நான் வாய் திறக்கேலாது. லைசன்ஸ் போயிடும். அதுக்கும் இதுக்கும் என்ன… ஓம் ஓம், வாறன். தேத்தண்ணி ஊத்தவேணும், பிறகு எடுக்கிறன்."

தொலைபேசி நின்றது. மறுபடி அடித்தால் மணி போய்க்கொண்டே இருந்தது.

"அப்பிடி ஒரு ஆள் இருக்கிறார்" என்றாள் அபிஷா. "இல்லாட்டில் இல்லை எண்டு சொல்லியிருப்பாள். அந்த ஆள் இப்ப அந்த வீட்டுக்குள்ளையே இருக்கலாம்."

செத்தவீடு என்றால் அப்படித்தான். பிரேதம் எடுக்கும்வரை வீட்டில் தேநீர் தவிர எதுவும் சமைக்கக்கூடாது. தெரிந்தவர்கள் முறை வைத்துச் சாப்பாடு கொண்டு வருவார்கள். கதவு பூட்டியிருக்காது. கையில் ஒரு சாப்பாட்டுப் பாத்திரம் இருந்தால், நீ ஆர் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

யாழின் எட்டாம் மாடி வீட்டு வாசலில் சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. மண்டபத்தில் ஏழெட்டு ஆண்கள் இருந்தார்கள். பெண்கள் உள் அறையில். வர்சாவின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. மேசையில் இட்லி, இடியப்பம், வந்தவர்கள் கொண்டுவந்த சம்பல் வகைகள். மூடி திறந்த இரண்டு ஐஸ்கிரீம் டப்பாக்களில், ஒன்றில் செத்தல் மிளகாய் அரைத்த சிவப்புச் சம்பல், மற்றதில் கொத்தமல்லி இலையோடு பச்சை மிளகாய் அரைத்த பச்சைச் சம்பல்.

அபிஷா டப்பாக்களையே பார்த்தாள். பிறகு றஜீவின் காதுக்குள் ஏதோ சொன்னாள்.

றஜீவ் தட்டில் இட்லி போட்டுக்கொண்டு முதல் ஆளுக்கு முன்னால் இரண்டு டப்பாவையும் நீட்டினார். "தம்பி, அந்தப் பச்சைச் சம்பலிலை ஒரு கரண்டி போட்டுவிடு. என்ரை கையிலை இடமில்லை." அவன் பார்க்காமலே போட்டான். "அண்ணை, நீங்களும் ஒரு கரண்டி, பச்சையிலை. செத்தல் மிளகாய் வயித்துக்கு ஒத்துவராது." அவரும் போட்டார். டப்பாக்களை இடம் வலமாக மாற்றி மாற்றி மூன்றாமவர், நான்காமவர் என்று போனார். செத்தவீட்டில் இப்படிச் சாப்பிடுகிறானே என்று எல்லாரும் முறைத்தார்கள். சரியான டப்பாவில் இருந்துதான் போட்டார்கள்.

யன்னலோரம் கப்டன் கிளெமென்ற் இருந்தார். காலையில் இருந்து கதிரை தூக்கியதும், வந்தவர்களைக் கவனித்ததும் அவர்தான். இன்னும் சற்று நேரத்தில், பிரேதம் வைத்திருக்கும் இடத்துக்கு யாழைத் தன் காரில் தனியாகக் கூட்டிப் போவதாகவும் சொல்லியிருந்தார்.

"கப்டன், உங்கடை கையாலையும் ஒரு கரண்டி பச்சை."

கப்டன் இரண்டு டப்பாவையும் பார்த்தார். ஒன்றைத் தூக்கி மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். கீழே வைத்துவிட்டு மற்றதில் இருந்து போட்டார். சரியான சம்பல்தான்.

"என்ன கப்டன், எல்லாரும் கண்ணாலை பாக்கினம், நீங்கள் மூக்காலை பாக்கிறியள்?" என்றார் றஜீவ்.

கப்டன் நிமிர்ந்தார். றஜீவைப் பார்த்தார், பின்னால் கதவை மறித்துக்கொண்டு நின்ற அபிஷாவைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. அபிஷாவுக்கும் அப்போதுதான் மிச்சம் விளங்கியது. பச்சை விளக்கு எது, சிவப்பு விளக்கு எது என்று தெரியாத ஒரு மனிதர், நூற்றுக்கணக்கான சனத்தை ஏற்றிக்கொண்டு இருட்டுக் கடலில் கப்பல் ஓட்டியிருக்கிறார்.

அந்த நேரம் பார்த்து யாழ் சமையலறையில் இருந்து தேநீர்த் தட்டோடு வந்தாள்.

"யாழ், பின்னாலை போ!" என்று அபிஷா கத்தினாள். கப்டன் முந்திவிட்டார். ஒரு கையால் யாழின் கூந்தலைச் சுற்றிப் பிடித்து இழுத்தார். தட்டு பறந்து, கொதி தேநீர் ஒருவரின் முழங்காலில் கொட்ட, அவர் அலறினார். கப்டனின் மற்றக் கை கோட்டுக்குள் போய் மான் உரிக்கிற கத்தியோடு வெளியே வந்தது. அதை யாழின் தொண்டையில் வைத்து, அவளை இழுத்துக்கொண்டு பல்கனிக் கதவை முதுகால் தள்ளித் திறந்தார்.

"ஒருத்தரும் கிட்ட வராதேங்கோ! தள்ளிவிட்டிடுவன்!"

எட்டு மாடி. கீழே கார்கள் தீப்பெட்டி அளவில் நின்றன. யாழின் முதுகு கம்பியில் இடித்தது. கழுத்தில் கத்தி பட்ட இடத்தில் இரத்தம் கோடாக இறங்கியது.

"கப்டன், இன்னும் என்னத்துக்கு?" என்றாள் அபிஷா, ஒவ்வொரு அடியாக நகர்ந்தபடி. "எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு."

"பதினெட்டு வருஷம்!" கப்டனின் வாயில் எச்சில் தெறித்தது. "ஒரு கப்பலிலை முட்டேல்லை, ஒரு பாறையிலை முட்டேல்லை. இவள் நிறம் பாக்கிற ஒரு புள்ளிப் படப் புத்தகத்தை வைச்சுக்கொண்டு நான் ஓட்டக்கூடாது எண்டு சொல்லுறாள்! வேலை போனால் நான் ஆர்? இந்தச் சனம் என்னைக் கப்டன் எண்டு கூப்பிடுமோ?"

"பாடமாக்கிக்கொண்டு வந்தவர்" என்றாள் யாழ் மூச்சுத் திணற. இனி லைசன்ஸ் போனால் என்ன, இருந்தால் என்ன? "புள்ளிப் படத்துக்குள்ளை இருக்கிற இலக்கத்தை எல்லாம் வரிசையாப் பாடமாக்கி… ரியூசனிலை வாய்ப்பாடு சொல்லுற மாதிரி. நான் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்தாலை திறந்தனான். அவர் முதல் பக்கத்திலை இருக்கிறதைச் சொன்னவர். ரெண்டு கிழமை குடுத்தனான், நீங்களா எழுதிக் குடுத்து விலகுங்கோ எண்டு. எங்கடை ஆள், மானம் போகக்கூடாது எண்டு… நாளைக்குத்தான் அந்த ரெண்டு கிழமை முடியுது."

"அந்த ரெண்டு கிழமையிலை துப்பாக்கி எங்கையோ எடுத்து, தூரமானி வாங்கி, மேட்டிலை படுத்திருந்து அளந்திருக்கிறார்" என்றாள் அபிஷா.

கப்டன் சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை. "நீ செத்துப்போனாய் எண்டுதான் நினைச்சனான், பிள்ளை. உன்ரை செத்தவீட்டுக்குத்தான் வந்து மணி அடிச்சனான். நீ கதவைத் திறந்தாய்."

யாழின் கண்கள் விரிந்தன. அன்றைக்கு வாசலில் கப்டன் அப்படியே முழங்காலில் விழுந்து கத்தியது அவளுக்கு நினைவு வந்தது. தங்கச்சிக்காக அழுகிறார் என்று அவள்தான் அவரைத் தூக்கிவிட்டாள்.

அவர் கத்தியை அழுத்துவதற்கு மூச்சை இழுத்தார். அந்த நொடியில் றஜீவின் கையில் இருந்த தட்டு, இட்லியும் ஏழு பேர் போட்ட சம்பலுமாக, அவர் முகத்தில் அடித்தது. பச்சை மிளகாய் கண்ணுக்குள் போனது. கப்டன் ஊளையிட்டுக்கொண்டு கத்தியைக் கண்டபடி வீசினார். பாய்ந்து வந்த றஜீவின் இடது உள்ளங்கையில் அது ஏறி மறுபக்கம் வெளியே வந்தது. றஜீவ் கையை இழுக்கவில்லை. குத்துப்பட்ட கையாலேயே கப்டனின் விரல்களைப் பொத்திப் பிடித்தார். அபிஷா யாழை இழுத்து உள்ளே எறிந்துவிட்டு, கப்டனின் முழங்காலுக்குப் பக்கவாட்டில் தன் பாரம் முழுவதையும் போட்டு மிதித்தாள். எலும்பு முறிந்தது. கப்டன் கம்பியில் மண்டை அடிபட விழுந்தார்.

முடிந்தது என்று நினைத்தபோதுதான் யாழ் எழும்பி வந்தாள். கையில் இடியப்பம் அவிக்கிற பெரிய அலுமினியப் பாத்திரம். முதல் அடியில் கப்டனின் மூக்கு உடைந்தது. இரண்டாவது அடி காதோடு விழுந்தது. அவள் கத்தவில்லை, அழவில்லை, ஒரு சொல் சொல்லவில்லை. பாத்திரம் நெளிய நெளிய அடித்தாள். ஒருவரும் அவளைத் தடுக்கப் போகவில்லை. கடைசியில் அபிஷாதான் பின்னால் இருந்து கட்டிப் பிடித்து, "காணும் யாழ், காணும். ஆள் செத்தால் சுபேசனுக்காகச் சாட்சி சொல்ல ஆளில்லை" என்றாள்.

பாத்திரம் கீழே விழுந்தது.

பொலிசார் வந்து கப்டனைத் தூக்குகட்டிலில் கட்டிக் கொண்டுபோனார்கள். மூச்சு இருந்தது. வந்தவர்கள் சப்பாத்தைத் தேடிப் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கினார்கள். றஜீவ் துவாயைச் சுற்றிய கையோடு நிலத்தில் இருந்தார். யாழ் அவருக்கு முன்னால் இருந்து கட்டை இறுக்கினாள். தன் கழுத்தில் இரத்தம் வருவதை அவள் கவனிக்கவில்லை.

"வர்சாவும் பச்சைதான் கேட்டவள்" என்றாள் திடீரென்று. "நான்தான் சிவப்பை எடுத்துக் குடுத்தனான். காட்டுக்குள்ளை போறனி, வேட்டைக்காரருக்குத் தூரத்திலை தெரியவேணும் எண்டு."

அபிஷா அவள் தோளில் கையை வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை பிரேதம் எடுக்கிறதெண்டு எல்லாருக்கும் சொல்லியிருக்கிறம். எடுக்கேலாது எண்டு சொல்லிவிடுங்கோ, அபிஷா. விலங்கைக் கழட்டி, சுபேசன் எழும்பி நடந்து வாறமட்டும் என்ரை தங்கச்சி அங்கை கிடக்கட்டும். அவன் வந்து முன்னுக்கு நிக்கவேணும். நான் இப்பவே போய் அவனிட்டைக் கேக்கப்போறன்." அவள் எழுந்தாள். பிறகு தயங்கினாள். "என்னைக் கண்டால் முகத்திலை துப்புவான்."

"ஏலாது, தங்கச்சி" என்றார் றஜீவ், பழக்கத்தில். "தாடைக்குக் கம்பி போட்டெல்லோ இறுக்கியிருக்கு."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

"ஓம்" என்றாள் யாழ். "அதுவும் நான் கையை நீட்டிக் காட்டினதாலைதான்."

அவள் கழுத்தில் ஒரு துணியை அமர்த்திப் பிடித்துக்கொண்டு லிஃப்டுக்குப் போனாள். அபிஷா கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.